என்னை ஒரு வார்த்தை கேக்காம என் தலையில பாதி தப்பை கட்டுன இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர்ல என் காருக்கு இன்சூரன்ஸ் குடுத்திருக்கற கம்பெனியோட கிளைம்ஸ் பிரிவுக்கு,

உங்க கம்பெனி பேரை நான் இங்க எழுதல. என் பாலிசி நம்பர் போட்டு இதே மடலை உங்களுக்கு ஈமெயில்லயும் அனுப்பிட்டேன், அதனால யாருக்கு எழுதுறேன்னு உங்களுக்கு தெரியும். மூணு தடவை போன் பண்ணியும் நாலு ஈமெயில் போட்டும் ஒழுங்கான பதில் வராததால இப்ப எல்லாரும் படிக்கற மாதிரி எழுத வேண்டியதா போச்சு.

போன வாரம் உங்க ரினியூவல் நோட்டீஸ் வந்துச்சு. அதுல என்சிடி, அதாவது கிளைம் பண்ணாததுக்கு குடுக்கற தள்ளுபடி, 20 சதவீதம்னு இருந்துச்சு. நான் ஏதோ டைப்பிங் தப்புன்னு தான் மொதல்ல நெனச்சேன், ஏன்னா போன வருஷம் வரைக்கும் எனக்கு 50 சதவீதம், ஒரு கிளைம் கூட இல்லாம வருஷா வருஷம் பத்து பத்தா ஏறி அஞ்சு வருஷத்துல வந்த 50, அதுக்கப்புறமும் பல வருஷம் அப்படியே காப்பாத்தி வச்சிருந்தேன். போன் பண்ணி கேட்டப்பதான் உங்க ஆபீசர் சொல்றாங்க, "சார், செப்டம்பர் ஆக்சிடெண்ட் 50-50ன்னு செட்டில் ஆயிடுச்சு, எதிர் பார்ட்டிக்கு பணம் குடுத்து ஃபைல் குளோஸ் பண்ணி மூணு மாசம் ஆச்சு." மூணு மாசம். எனக்கு ஒரு லெட்டர் இல்ல, ஒரு எஸ்எம்எஸ் இல்ல, ஒரு போன் இல்ல. என் மேல பாதி தப்புன்னு நீங்க ஒத்துக்கிட்டத நான் ரினியூவல் நோட்டீஸ்ல ஒரு நம்பரை பாத்து தெரிஞ்சிக்கறேன்.

நடந்தது என்னன்னு உங்க ஃபைல்ல இருக்கு, ஆனா யாரும் படிக்கலன்னு தோணுறதால திரும்ப சொல்றேன். சனிக்கிழமை மத்தியானம், அப்பாவுக்கு டயாலிசிஸ் முடிச்சு வீட்டுக்கு கூட்டிட்டு வந்துட்டு இருந்தேன். அப்பாவுக்கு 71 வயசு, வாரத்துக்கு மூணு நாளு, செவ்வா வியாழன் சனி. அதுக்காகத்தான் இந்த பழைய காடிய (அப்பா இன்னும் காடின்னு தான் சொல்லுவாரு) சிஓஇ (இங்க கார் வச்சிக்க வாங்க வேண்டிய உரிமைச் சான்றிதழ்) புதுப்பிச்சு வச்சிருக்கேன், இல்லன்னா இந்த ஊர்ல கார் வச்சிக்கற வசதி எனக்கு இல்ல. யீஷூன்ல எங்க புளோக்குக்கு பக்கத்துல மல்டிஸ்டோரி கார்பார்க், மூணாவது மாடி, நடுவுல போற வழியில நேரா போயிட்டு இருக்கேன், ஸ்பீடு 15 கூட இருக்காது. இடது பக்கம் லாட்ல (கார் நிறுத்தற கட்டத்துல) இருந்த ஒரு கார் ரிவர்ஸ்ல வெளிய வந்து என் பின்னாடி இடது கதவுல இடிச்சிச்சு. அப்பா முன்னாடி இடது பக்கம் உக்காந்திருந்தாரு. டயாலிசிஸ் ஊசி குத்தறதுக்காக ஃபிஸ்டுலா ஆபரேஷன் பண்ண கைய நெஞ்சோட அணைச்சு பிடிச்சிக்கிட்டாரு, அதுதான் எனக்கு இன்னிக்கும் கண்ணுல நிக்குது. நல்லவேளை அவருக்கு ஒண்ணும் ஆகல.

இடி பட்டது பின் கதவுல. இத கொஞ்சம் யோசிச்சு பாருங்க. என் காரோட முன் பாதி அவரோட லாட்ட தாண்டி போயாச்சு, அதுக்கப்புறம் தான் அவரு இடிச்சிருக்காரு. அவரோட காருக்கு அடி பின் பம்பரோட வலது மூலையில. நான் போயி அவரை இடிச்சிருந்தா என் முன் பம்பர்லயோ முன் ஃபெண்டர்லயோ ஒரு கீறலாவது இருக்கணும், ஒண்ணும் இல்ல. ரெண்டு காரோட போட்டோவையும் பக்கத்துல பக்கத்துல வச்சா கார் ஓட்டத் தெரிஞ்ச யாருக்கும் ஒரு நிமிஷத்துல புரிஞ்சிடும். ரிவர்ஸ் எடுக்கறவர்தான் பின்னாடி பாத்து எடுக்கணும்னு டிரைவிங் ஸ்கூல்ல மொத வாரமே சொல்லி குடுக்கறாங்க.

அந்த காரை ஓட்டுன அண்ணனும் அன்னிக்கு அப்படித்தான் சொன்னாரு. நம்ம ஆளு தான், நல்லா பேசுனாரு, எறங்குன உடனே "சாரி தம்பி, பாக்காம எடுத்துட்டேன், அப்பாவுக்கு ஒண்ணும் இல்லயே"ன்னு கேட்டாரு. "300 வெள்ளி (டாலர்) குடுத்துடறேன், கிளைம் எல்லாம் எதுக்கு, உங்களுக்கும் தலவலி எனக்கும் தலவலி"ன்னாரு. சாயந்திரம் வாட்ஸ்அப்லயும் "அப்பா எப்படி இருக்காரு, பெயிண்ட் செலவு நான் பாத்துக்கறேன்"ன்னு மெசேஜ் போட்டாரு. அந்த ஸ்கிரீன்ஷாட் உங்ககிட்ட இருக்கு.

நான் 300 வெள்ளிய வாங்கல. ஏன் வாங்கலன்னா உங்க பாலிசியிலயே எழுதியிருக்கு, எவ்ளோ சின்ன இடியா இருந்தாலும், கார்ல ஒரு கீறல் கூட தெரியலன்னாலும், 24 மணி நேரத்துக்குள்ள இல்லன்னா அடுத்த வேலை நாளுக்குள்ள ரிப்போர்ட் பண்ணியே ஆகணும். 2008ல இன்சூரன்ஸ் கம்பெனிங்களோட பொதுக் காப்புறுதிச் சங்கம் மோட்டார் கிளைம்ஸ் ஃப்ரேம்வொர்க்னு கொண்டு வந்ததுல இருந்து இதான் இங்க ரூல். நமக்குள்ளயே பேசி முடிச்சிக்கறதுன்னா கூட அதுக்கு சங்கமே ஒரு ஃபாரம் வச்சிருக்கு, அதுல ரெண்டு பேரும் கையெழுத்து போட்டாலும் ரிப்போர்ட் பண்ணணும். பண்ணலன்னா என்சிடி போகலாம், கிளைம நீங்க ஏத்துக்காம போகலாம், அடுத்த வருஷம் பாலிசியே குடுக்காம போகலாம். இவ்ளோ பயமுறுத்தி வச்சிருக்கீங்க. அதனால ரூல் படி நடந்துக்கிட்டேன், திங்கக்கிழமை காலையில அரை நாள் லீவு போட்டு உங்க ரிப்போர்ட்டிங் சென்டருக்கு காரை எடுத்துட்டு போனேன்.

அங்க நடந்த ஒண்ணையும் சொல்லிடறேன். கவுண்டர்ல இருந்தவங்க நான் சொல்ல சொல்ல இங்கிலீஷ்ல டைப் பண்ணாங்க. பிரிண்ட் எடுத்து குடுத்தப்ப பாத்தா "ரெண்டு வண்டியும் உரசிக்கிச்சு"ங்கற அர்த்தத்துல இருந்துச்சு. நான் நேரா போயிட்டு இருந்தேன், அவரு லாட்ல இருந்து ரிவர்ஸ்ல வந்து இடிச்சாருன்னு மாத்த சொல்லி, மாத்துனதுக்கு அப்புறம் தான் கையெழுத்து போட்டேன். எனக்கு பக்கத்து சீட்ல லாரி ஓட்டுற ஒரு தமிழ் அங்கிள், அவரு என்ன எழுதியிருக்குன்னே கேக்கல, எங்க கையெழுத்து போடணும்னு மட்டும் கேட்டு போட்டுட்டு எழுந்து போயிட்டாரு. நாலு ஆட்சி மொழி இருக்கற ஊர்ல, யாரு மேல தப்புன்னு முடிவு பண்ணப்போற ஒரே காகிதத்த அவரால படிக்க முடியல. அவரு கேஸ் என்ன ஆச்சோ தெரியல, அப்பப்ப நெனச்சிக்கறேன்.

ரிப்போர்ட் மட்டும், என் பாலிசியில கிளைம், எதிர் பார்ட்டி மேல கிளைம்னு மூணு ஆப்ஷன் குடுத்தாங்க. எதிர் பார்ட்டி மேல கிளைம் பண்றேன்னு டிக் பண்ணேன். அப்படின்னா ரிப்பேருக்கு முன்னாடி எதிர் கம்பெனிக்கு தகவல் சொல்லி அவங்க சர்வேயர் வந்து சேதத்த பாக்க ரெண்டு வேலை நாள் டைம் குடுக்கணும், அதையும் குடுத்தேன். சின் மிங்ல ஒரு வொர்க்‌ஷாப்ல காரை விட்டு, கதவு டெண்ட் எடுத்து பெயிண்ட் அடிக்க 1,150 வெள்ளி என் கைக்காசு. கார் அங்க இருந்த நாலு நாள்ல வந்த டயாலிசிஸுக்கு அப்பாவ டாக்சியில கூட்டிட்டு போயி வந்தேன், டயாலிசிஸ் முடிஞ்சு தல சுத்தலோட இருக்கற மனுஷன டாக்சி வர்ற வரைக்கும் வாசல்ல நிக்க வச்சேன்.

ரெண்டு மாசம் கழிச்சு எதிர் கம்பெனி லெட்டர் போட்டாங்க, எங்க கஸ்டமர் காரை வெளிய எடுத்து நிறுத்திட்டாரு, உங்க கார்தான் வந்து உரசிச்சுன்னு. அந்த அண்ணன் ஏன் கதைய மாத்துனாருன்னு எனக்கு தெரியும், யாரோ சொல்லி குடுத்திருப்பாங்க, பாவம் அவருக்கும் என்சிடி பயம் இருக்கும். அவரை திட்டறதுக்கு இந்த மடல் எழுதல. அவரு அவரோட பக்கத்த சொன்னாரு, அவரோட கம்பெனி அவருக்காக நின்னாங்க. எனக்காக நிக்க வேண்டியவங்க எங்க போனீங்கன்னு தான் கேக்கறேன்.

இப்ப வீடியோ விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா எனக்கு ரொம்ப வலிக்கற இடம் இதுதான். என் கார்ல முன்னாடி பின்னாடி ரெண்டு கேமரா இருக்கு. முன் கேமராவுல என் வழி காலியா இருக்கறது தெரியுது, நான் எந்த பக்கமும் ஒடிக்காம நேரா போறது தெரியுது, இடிச்ச சத்தமும் அப்பா "ஐயோ"ன்னு கத்துறதும் கேக்குது. பின் கேமராவுல இடிச்ச அடுத்த செகண்ட் அவரோட கார் பாதி லாட்டுக்குள்ள பாதி வெளிய, ரிவர்ஸ் லைட் எரிஞ்சிட்டு இருக்கறது பளிச்சுன்னு தெரியுது. வெளிய எடுத்து நிறுத்திட்டேன்னு சொன்ன கார் லாட்டுக்குள்ள இருக்கு, அதுவும் ரிவர்ஸ் கியர்ல. மொத்தம் 40 செகண்ட் வீடியோ. ஃபைல் பெருசா இருக்கு ஈமெயில்ல வராதுன்னு உங்க ஆபீசர் சொன்னதால யூடியூப்ல யாருக்கும் தெரியாத மாதிரி அன்லிஸ்டடா போட்டு லிங்க் அனுப்புனேன், "நோட்டட், தேங்ஸ்"னு பதிலும் வந்துச்சு. போன வாரம் அந்த லிங்க்க நானே திறந்து பாத்தேன். வியூஸ் மூணு. நான் ரெண்டு தடவை பாத்திருக்கேன், என் மனைவி ஒரு தடவை பாத்திருக்காங்க.

யாருமே பாக்கல. 40 செகண்ட்.

அதுக்கு நடுவுல என் ஃபைல் மூணு கை மாறியிருக்கு. ரெண்டாவது ஆபீசர் கேமரா இருக்கான்னு கேட்டாங்க, அனுப்பியாச்சேன்னு சொல்லி திரும்ப அனுப்புனேன். மூணாவது ஆபீசர் "ரெண்டு பக்கமும் வேற வேற சொல்றாங்க சார், இண்டிபெண்டண்ட் விட்னஸ் இல்ல, உங்க அப்பா பாசஞ்சர் அதனால எடுத்துக்க மாட்டாங்க, இந்த மாதிரி கேஸ்ல நார்மலா 50-50 தான்"னாங்க. நார்மலான்னா என்னங்க அர்த்தம்? இன்சூரன்ஸ் கம்பெனிங்க உங்களுக்குள்ளயே போலான்னு ஒரு ஒப்பந்தம் வச்சிருக்கீங்க, பாரோமீட்டர் ஆஃப் லையபிலிட்டி, எந்த மாதிரி இடிக்கு யாருக்கு எத்தனை சதவீதம்னு. ஸ்டேட் கோர்ட்டும் படம் போட்டு ஒரு மோட்டார் ஆக்சிடெண்ட் கைடு வெளியிட்டிருக்கு, பொதுமக்களே விவரத்த போட்டு பாத்துக்கற மாதிரி இலவசமா ஒரு வெப்சைட்டும் இருக்கு. இவ்ளோ இருக்கும்போது என் கேஸ எதோட வச்சு பாத்தீங்க, எந்த படத்தோட ஒத்துப்போச்சுன்னு கேட்டேன். "அது இன்டர்னல் சார்." அதோட முடிஞ்சிச்சு.

பாலிசியில ஒரு கிளாஸ் (ஷரத்து) இருக்குன்னும் சொன்னாங்க, கிளைம எப்படி நடத்துறது எப்ப செட்டில் பண்றதுன்னு முடிவெடுக்கற முழு உரிமை உங்களுக்குன்னு. நான் படிச்சிட்டேன், இருக்கு, இல்லன்னு சொல்லல. ஒவ்வொரு 2,000 வெள்ளிக்கும் கோர்ட்டுக்கு போனா லாயர் செலவுதான் மிஞ்சும், அந்த கணக்கும் எனக்கு புரியுது. ஆனா முடிவெடுக்க உரிமை இருக்குன்னா, முடிவெடுக்கறதுக்கு முன்னாடி யாரோட பேர்ல எடுக்கறீங்களோ அவங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு எந்த கிளாஸ்ல எழுதியிருக்கு? ஆதாரத்த பாக்க வேணாம்னு எந்த கிளாஸ்ல இருக்கு?

பணம் எவ்ளோன்னு உங்களுக்கு சின்னதா தெரியலாம், அதனால கணக்கு போட்டு காட்டுறேன். எதிர் பார்ட்டி பம்பர், பெயிண்ட், ரிப்பேர் நாள்ல வாடகை கார் எல்லாம் சேத்து 3,400 வெள்ளி கேட்டிருக்காங்க (ஒரு பம்பர் மூலைக்கு), நீங்க பாதி 1,700 குடுத்திருக்கீங்க. என் பாலிசிக்கு தள்ளுபடிக்கு முன்னாடி தொகை சுமாரா 2,000. போன வருஷம் 50 சதவீதம் போக 1,000 கட்டுனேன். இப்ப 20 சதவீதம்னா 1,600. அடுத்த வருஷம் 30 ஆகி 1,400, அதுக்கடுத்த வருஷம் 40 ஆகி 1,200, அப்புறம் தான் பழைய 1,000. அந்த 2,000 ஏறாம இருந்தா கூட மூணு வருஷத்துல 1,200 வெள்ளி கூடுதல். நீங்க குடுத்த 1,700ல முக்காவாசி கிட்ட என்கிட்ட இருந்தே திரும்ப வருது. இதோட என் 1,150. அதாவது என்னை இடிச்சதுக்கு நான் 2,350 வெள்ளி கட்டறேன். வேற கம்பெனிக்கு மாறலாம்னா என்சிடி என் கூடவே தான் வரும், எங்க போனாலும் 20 தான். இன்சூரன்ஸ் இல்லாம ரோடு டாக்ஸ் கட்ட முடியாது, ரோடு டாக்ஸ் இல்லாம வண்டி எடுக்க முடியாது, செவ்வாக்கிழமை அப்பாவுக்கு டயாலிசிஸ். அதனால நான் கட்டித்தான் ஆகணும்னு உங்களுக்கும் தெரியும்.

இதவிட மோசம் ஒண்ணு இருக்கு. என் 1,150க்கு எதிர் கம்பெனி இப்ப 575 தர்றேன், இதோட கணக்கு முடிஞ்சதுன்னு டிஸ்சார்ஜ் வவுச்சர்ல கையெழுத்து போடுங்கன்னு அனுப்பியிருக்காங்க. காரணம் என்ன எழுதியிருக்காங்கன்னா, "உங்கள் காப்புறுதி நிறுவனமே 50 சதவீதத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது." நீங்க என்னை கேக்காம விட்டுக்குடுத்தத எடுத்து என் மேலயே திருப்புறாங்க. நான் கையெழுத்து போடல, போடவும் மாட்டேன்.

ஸ்மால் கிளைம்ஸ்ல (சின்ன தொகை வழக்க விசாரிக்கற மன்றத்துல) போடுன்னு கூட வேலை செய்யறவங்க எல்லாம் சொன்னாங்க, அங்க வண்டி இடிச்ச கேஸ எடுக்க மாட்டாங்கன்னு தேடி பாத்தப்பதான் தெரிஞ்சிச்சு. ஆளுக்கு அடிபடாத, 3,000 வெள்ளிக்கு கீழ இருக்கற வண்டி கேஸ் கோர்ட்டுக்கு போறதுக்கு முன்னாடி ஃபிட்ரெக்குக்கு போகணும், 2005ல ஆரம்பிச்ச நிதித்துறை சச்சரவு தீர்வு மையம் அது. எதிர் கம்பெனி மேல நான் அங்க போறேன், பேப்பர் எல்லாம் ரெடி பண்ணிட்டேன். வீடியோவ அங்கயாவது யாராவது பாப்பாங்க.

இன்னொண்ணும் உங்களுக்கு தெரியணும். எங்க புளோக்ல கீழ் மாடியில இருக்கற ஒரு தம்பி டெலிவரி வேன் ஓட்டுறான், போன மாசம் அவனை ஒருத்தர் லேசா இடிச்சிட்டாரு. ரிப்போர்ட் பண்ணட்டுமான்னு என்கிட்ட வந்து கேட்டான். ரிப்போர்ட் பண்ணு, அதான் ரூலுன்னு தான் சொன்னேன். "அண்ணே, நீங்க ரிப்போர்ட் பண்ணீங்களே, உங்களுக்கு என்ன ஆச்சு"ன்னு கேட்டான். என்கிட்ட பதில் இல்ல. அவன் 200 வெள்ளிய வாங்கிட்டு விட்டுட்டான்.

எனக்கு வேண்டியது இதுதான். மொதல்ல அந்த 40 செகண்ட் வீடியோவையும் ரெண்டு காரோட போட்டோவையும் ஒரு சீனியர் ஆபீசர் பாக்கணும், பாத்துட்டு 50 சதவீதம்னு எந்த அடிப்படையில ஒத்துக்கிட்டீங்கன்னு எழுத்துல காரணம் தரணும், "இன்டர்னல்"னு ஒரு வார்த்தை எனக்கு போதாது. பாத்தப்புறமும் 50 தான் சரின்னு தோணுனா அதையும் காரணத்தோட எழுதுங்க, நான் படிக்கறேன். உங்க மூணாவது ஆபீசரே போன்ல சொன்னாங்க, பொறுப்பு 20 சதவீதத்துக்கு மேல போனாதான் என்சிடி கொறையும்னு. அப்படின்னா ஃபிட்ரெக் முடிவு வர்ற வரைக்கும் என் ரினியூவல 50 சதவீதத்துலயே வைங்க, முடியாதுன்னா இப்ப கூடுதலா வாங்கற 600 வெள்ளிய, முடிவு எனக்கு சாதகமா வந்தா என்சிடியோட சேத்து திருப்பி தர்றதா எழுதி குடுங்க. அந்த செட்டில்மெண்ட் உங்க வியாபார முடிவு, என்னோட சம்மதமோ ஒப்புதலோ அதுல இல்லன்னு எதிர் கம்பெனிக்கு ஒரு லெட்டர் போட்டு காப்பி எனக்கு அனுப்புங்க, ஃபிட்ரெக்ல நான் அத வைக்கணும்.

எனக்கு மட்டும் கேக்கல. இனிமே யாரோட கேஸா இருந்தாலும் செட்டில் பண்றதுக்கு முன்னாடி எத்தனை சதவீதம் ஒத்துக்கப்போறீங்க, அதனால என்சிடி எங்க இருந்து எங்க இறங்கும்னு எழுத்துல சொல்லி, பதில் சொல்ல ஏழு வேலை நாளாவது குடுங்க. வீடியோ அனுப்பறதுக்கு ஒரு ஒழுங்கான வழி வைங்க, பாத்தாச்சுன்னா பாத்த தேதியோட ஃபைல்ல பதிவு பண்ணுங்க. ரிப்போர்ட்டிங் சென்டர்ல கையெழுத்து வாங்கறதுக்கு முன்னாடி தமிழ், மலாய், சீனம்னு அவங்கவங்க மொழியில படிச்சு காட்ட ஆள் வைங்க.

என் பாலிசி ஜூன் 18ஆம் தேதி முடியுது. 10ஆம் தேதிக்குள்ள எனக்கு எழுத்துல பதில் வேணும். போன்ல வேணாம்.

இப்படிக்கு,
உங்க பாலிசிதாரர்,
யீஷூன்